பலமுறை பேலன்ஸ் செய்தும் நிற்காத ஆட்டம்: ஒரு மோட்டார்ஹோம் சக்கரங்களின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டி வாழும் ஓய்வுபெற்ற தம்பதியின் மோட்டார்ஹோம் (வீடாகவும் பயன்படும் பெரிய வண்டி) இது. பழைய வண்டியாக வாங்கினார்கள். ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டத்தின் மேல் கட்டிய, பெட்ரோல் எஞ்சின் கொண்ட, சுமார் 10 மீட்டர் நீள வண்டி. முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு என ஆறு சக்கரங்கள். டயர் அளவு 245/70ஆர்19.5. நம் ஊரில் சிறு லாரிக்குப் போடுவதை ஒத்த டயர்தான்.

மோட்டார்ஹோமின் வாழ்க்கை லாரியின் வாழ்க்கை போன்றது இல்லை. லாரி தினமும் ஓடி, பட்டன் (டயரில் தரையைத் தொடும் மேல் ரப்பர்) தேய்ந்து டயரை மாற்றும். மோட்டார்ஹோம் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஒரே இடத்தில் முழுப் பாரத்தோடு நிற்கிறது. இந்த வண்டியும் மே முதல் அக்டோபர் வரை திறந்தவெளி நிறுத்துமிடத்தில்தான் நின்றது. அந்தப் பகுதியில் கோடை வெயில் 43 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்; தார்த்தரையின் சூடு அதற்கும் மேலே.

நவம்பரில் வண்டியை எடுத்தபோது, மணிக்கு 52 மைல் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீரிங் ஆட ஆரம்பித்தது. 58 மைலில், அதாவது சுமார் 93 கிலோமீட்டர் வேகத்தில், ஆட்டம் உச்சம். அலமாரிக் கதவுகள் கடகடத்தன. 65 மைலுக்கு மேல் கொஞ்சம் அடங்கியது.

அவர்கள் என்னிடம் வருவதற்கு முன்பே நிறையச் செலவு செய்திருந்தார்கள். ஒரு டயர் கடையில் முன்சக்கரங்களை பேலன்ஸ் செய்தார்கள், மாற்றமில்லை. அதே கடையில் மறுபடியும் செய்தார்கள், சமன்செய்ய ரிம்மில் அடிக்கும் ஈயம்தான் கூடியது. வேறொரு கடையில் டயருக்குள் கண்ணாடி மணிகளைக் கொட்டினார்கள். சக்கரம் சுற்றும்போது மணிகள் தாமாகவே எடை குறைந்த பக்கம் போய்ச் சேர்ந்து சமன்செய்யும் என்பது அந்த முறை. அதற்கும் ஆட்டம் அசையவில்லை. பிறகு ஷாக் அப்சார்பர் இரண்டும் ஸ்டீரிங் டேம்பரும் மாற்றப்பட்டன. லாரிச் சக்கர வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால், தெரிந்தவர் ஒருவர் மூலம் என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

ரசீதுகளை வரிசையாக வாங்கிப் படித்தேன். எதிலுமே சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று யாரும் அளந்ததாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு வருத்தம் தந்தது இதுதான். பத்து நிமிட வேலை அது.

முதல் ஓட்டமும் காற்றழுத்தமும்

வண்டியைத் தொடும் முன் கதவோரத் தகட்டைப் பார்த்தோம். குளிர்ந்த நிலையில் முன்னும் பின்னும் (சதுர அங்குலத்துக்கு) 82 பவுண்டு காற்று என்று இருந்தது. டயரில் இருந்ததோ 110. டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவையே அடிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொண்டு கடைக்காரர் நிரப்பியிருக்கிறார். இது மிகவும் பரவலான பழக்கம். பக்கச்சுவரில் இருப்பது அந்த டயரின் முழுத் தாங்குதிறனுக்கான காற்று. இந்த வண்டியின் பாரத்துக்கான காற்று இல்லை.

பாரம் எவ்வளவு என்று ஊகிக்காமல், நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் எடை மேடையில் ஏற்றினோம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி, பயணத்துக்குத் தயாரான நிலையில் முன் அச்சில் 6,300 பவுண்டு, பின் அச்சில் 10,900 பவுண்டு. அச்சுகளின் எல்லை முறையே 7,000, 11,000. பின்னால் விளிம்பில்தான் இருக்கிறது என்பதைத் தம்பதியிடம் அப்போதே சொல்லிவிட்டேன். டயர் நிறுவனத்தின் பாரப் பட்டியலோடு ஒப்பிட்டபோது 82 பவுண்டு காற்று போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை டயர்கள் குளிர்ந்திருந்தபோது ஆறிலும் அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம்.

பிறகு ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி ஓட்டினோம். நேரான, சமமான சாலை, சோதனைக்கு ஏற்றது. ஆட்டம் ஓரளவு மென்மையாகியிருந்தது, ஆனால் போகவில்லை. டயரின் விறைப்பு குறைந்ததால் வந்த மாற்றம் அது.

கைபேசியின் அதிர்வு அளக்கும் செயலியை டாஷ்போர்டில் ஒட்டிவைத்தோம். 58 மைலில் உச்சம் விநாடிக்கு 10 துடிப்பு. இந்த அளவு டயர் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 630 முறை சுற்றும். 58 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 609 சுற்று, விநாடிக்கு 10. ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. குற்றவாளி சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் அச்சின் பல்விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, பின் அச்சைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்றும் என்பதால், அதில் குறை இருந்தால் துடிப்பு விநாடிக்கு 54 ஆகியிருக்கும். அது ஆட்டமாகத் தெரியாது, கால் பாதத்தில் ரீங்காரமாகத் தெரியும். இந்தக் கணக்கு ஒன்றே ஷாக் அப்சார்பர் செலவைத் தள்ளிப்போட்டிருக்கும். ஷாக் ஆட்டத்தை அடக்கும் பொருள். ஆட்டத்தைப் பிறப்பிக்கும் பொருள் இல்லை.

டயல் கேஜ் சொன்னது

ஓட்டிவந்த சூடு ஆறுவதற்குள் அளக்க வேண்டும். நின்ற டயரில் அடிப்பக்கம் தற்காலிகமாகத் தட்டையாகியிருக்கும். முப்பது கிலோமீட்டர் ஓடினால் அது சரியாகிவிடும். குளிர்ந்த டயரை அளந்தால் அந்தத் தட்டையையும் சேர்த்து அளந்து ஏமாறுவோம்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். உருளை முனை வைத்த டயல் கேஜை (சிறு ஏற்ற இறக்கத்தையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) நடுப் பட்டன் வரிசையில் தொடவைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். இடது முன்சக்கரத்தில் முள் 3.0 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. வலதில் 2.6. கனரக வண்டிகளுக்கான அமெரிக்கப் பராமரிப்பு வழிகாட்டிகளில் சொல்லும் எல்லை 0.095 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீட்டர். ஸ்டீரிங் சக்கரத்தில் 1.5க்குக் கீழே கொண்டுவராமல் நான் வண்டியை விடுவதில்லை. பக்கவாட்டு ஆட்டம் இரண்டிலும் குறைவு. ரிம்மின் விளிம்பில் அளந்தபோது இரண்டிலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. ரிம் நேராக இருக்கிறது, ரிம்மை மாட்டும் நடுப்பகுதியான ஹப் நேராக இருக்கிறது. டயர்தான் வட்டமாக இல்லை.

அப்படியானால் இத்தனை பேலன்சிங்கும் ஏன் வீணானது? பேலன்ஸ் மிஷின் சக்கரத்தைப் பாரமில்லாமல் காற்றில் சுற்றுகிறது. எடை எந்தப் பக்கம் கூடுதல் என்பதை மட்டும் பார்க்கிறது. அச்சாணி நடுவில் இல்லாத மாட்டுவண்டிச் சக்கரத்துக்கும் தேவையான இடத்தில் ஈயம் அடித்தால் மிஷின் சுழியம் காட்டிவிடும். தரையில் இறங்கி ஓடும்போது அது குதிக்கத்தான் செய்யும்.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவு. இந்த வகை டயர் ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறக்குறைய 65 கிலோ விசை வேண்டும். 3 மில்லிமீட்டர் கோணல் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் சாலை மீதான அழுத்தம் 200 கிலோ அளவுக்கு ஏறி இறங்குகிறது. இடது ரிம்மின் இரு விளிம்பிலுமாக அடித்திருந்த ஈயம் மொத்தம் 370 கிராம். 58 மைலில் அது தரும் விசை சுமார் 38 கிலோ. மேலும் கீழுமாகச் சேர்த்தாலும் 76. மேலும், ஈயத்தின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், கோணலின் விசை அப்படிக் கூடாது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை எல்லா வேகத்திலும் அழிக்க வழியே இல்லை. 370 கிராம் என்ற அந்த அளவே ஒரு எச்சரிக்கை. நல்ல டயர் அவ்வளவு கேட்காது.

இடது சக்கரம்: பீடு உட்காரவில்லை

டயரின் பக்கச்சுவரில், ரிம் விளிம்புக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு மெல்லிய வரம்பு ஓடும். டயர் ரிம்மில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதற்காகவே அதை வார்க்கிறார்கள். சக்கர மூடியைக் கழற்றியதும் அதை வெர்னியரால் அளந்தேன். ஒரு பக்கம் ரிம்மிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி. நேர் எதிரே 2 மில்லிமீட்டர். பளபளக்கும் எஃகு மூடி போட்டிருந்ததால் இத்தனை கடைகளிலும் யார் கண்ணிலும் இது படவில்லை.

இந்த அளவு ரிம்களில் பீடு, அதாவது ரிம்மைக் கவ்வும் டயரின் உள்விளிம்பு, உட்காரும் இடம் 15 டிகிரி சரிவாக இருக்கும். பீடு அந்தச் சரிவில் ஆப்பு போல ஏறி இறுக வேண்டும். வழுக்கும் பசை தடவாமல், சக்கரத்தை நிறுத்திவைத்தபடியே காற்றடித்தால், சக்கரத்தின் சொந்த எடையே கீழ்ப்பக்க பீடை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மேல்பக்கம் ஏறும், கீழ்ப்பக்கம் பாதியில் நிற்கும். டயர் ஒன்றரை மில்லிமீட்டர் மையம் விலகிப் போகும்.

எடுத்த முடிவு: டயரை மாற்றுவதோ சீவுவதோ இப்போது வேண்டாம், முதலில் சரியாக உட்காரவை. காற்றை முழுக்க இறக்கி, இரு பக்க பீடையும் ரிம்மிலிருந்து பிரித்தோம். உள்ளே கொட்டிய கண்ணாடி மணிகள் ஈரத்தில் கட்டிதட்டி ஒரே இடத்தில் ஒட்டியிருந்தன. மணி முறையை முழுவதும் குறைசொல்ல மாட்டேன். காய்ந்த, வட்டமான டயரில் அது வேலை செய்யும். இங்கே அதுவே புதுச் சுமையாகிவிட்டது. துடைத்து உறிஞ்சி எடுத்தோம். ரிம்மின் சரிவைக் கம்பி பிரஷால் தேய்த்து, பசை தடவி, டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி, சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து பீடு உட்காரும் அளவுக்கு மட்டும் காற்றுக் கொடுத்தோம். முழு அழுத்தம் கம்பிக் கூண்டுக்குள் வைத்து, தூரத்தில் நின்று, கவ்வும் வகை முனையால்தான். லாரி டயரின் பக்கச்சுவர் கிழிந்து வெடித்தால் ஆள் பிழைப்பது அரிது. இதில் அவசரத்துக்கு இடமே கிடையாது.

வரம்பு இப்போது சுற்றிலும் ஒரே அளவு. ஹப்பின் கழுத்தில் ரிம் உட்காரும் இடத்தின் துருவையும் தேய்த்துவிட்டு மாட்டினோம். நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்கினோம். டயல் கேஜ் 1.2 காட்டியது. ஒரு பைசா உதிரிபாகம் இல்லாமல் 3.0 இலிருந்து 1.2.

வலது சக்கரம்: சீவுவதா, மாற்றுவதா

வலதில் கதை வேறு. வரம்பு சுற்றிலும் சீராக இருந்தது. பீடு சரியாகவே உட்கார்ந்திருந்தது. ரிம்மின் தாழ்ந்த இடத்தோடு டயரின் உயர்ந்த இடத்தைப் பொருத்தித் திருப்பலாம். ஆனால் ரிம்மிலேயே 0.4 மில்லிமீட்டர்தான் கோணல் என்பதால் லாபம் அவ்வளவுதான். குறை டயரின் உடம்பில்.

இங்கே மூன்று வழிகள் இருந்தன. புது டயர் வாங்குவது ஒன்று. பின்சக்கரத்தில் ஒன்றோடு இடம் மாற்றுவது இன்னொன்று. மிஷினில் வைத்து உயர்ந்த பகுதியைச் சீவி வட்டமாக்குவது மூன்றாவது.

இடமாற்றத்தை உடனே ஒதுக்கினேன். டயர் சுவரில் உள்ள எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். முன்டயர்கள் இரண்டு வருடம் ஆனவை. பின்டயர்கள் ஆறு வருடம் ஆனவை. உள்பக்கச் சக்கரங்களின் எண்ணை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க முடிந்தது. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடாவருடம் ஆள் வைத்துப் பரிசோதிக்க வேண்டும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அப்படிப்பட்ட பழைய டயரை ஸ்டீரிங் சக்கரத்துக்குக் கொண்டுவருவது, ஆட்டத்தை நிறுத்த உயிரைப் பணயம் வைப்பதாகும். முன்டயர் வெடித்தால் இந்த எடை வண்டியைக் கையில் பிடிப்பது கடினம்.

சீவுவது எல்லாக் கோணலுக்கும் மருந்து கிடையாது. 1960களிலும் 70களிலும் அமெரிக்க டயர் கடைகளில் சகஜமாக நடந்த வேலை இது. ரேடியல் டயரின் தரம் உயர்ந்தபின் பெரும்பாலும் மறைந்துவிட்டது. டயரில் ஒரே இடத்தில் பள்ளம் என்றால், அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு மற்ற முழுச் சுற்றையும் இறக்க வேண்டிவரும். டயரின் ஆயுள் போய்விடும். மேடாக ஒரு பகுதி மட்டும் எழும்பியிருந்தால் சீவலாம். ஆகவே சுற்றளவைப் பன்னிரண்டாகப் பிரித்து, சாக்பீஸால் குறித்து, ஒவ்வொரு குறியிலும் கேஜ் அளவை எழுதினோம். பள்ளம் இல்லை, ஒரு பக்கம் மெதுவாக ஏறி எதிர்ப்பக்கம் மெதுவாக இறங்கும் வளைவு. பக்கச்சுவரில் வீக்கமோ, பட்டனுக்கு அடியில் பிரிவோ இருக்கிறதா என்று விரலால் தடவியும் விளக்கு அடித்தும் பார்த்தோம். டயரின் உட்பட்டை பிரிவதாலும் இப்படி மேடு எழும்பும். அந்த டயரைச் சீவுவது பெருங்குற்றம். அப்படி எதுவும் இல்லை.

பட்டன் ஆழம் 8.7 மில்லிமீட்டர் சீராக இருந்தது. சீவ வேண்டியது அதிகபட்சம் 1.8. மிஞ்சுவது 6.9. வணிக வண்டிகளின் ஸ்டீரிங் டயருக்கு அமெரிக்கச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் அங்குலத்தில் 4/32, அதாவது 3.2 மில்லிமீட்டர். சொந்த மோட்டார்ஹோமுக்கு அந்த விதி கட்டாயமில்லை என்றாலும் அதையே அளவுகோலாக வைத்தோம். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம் என்பதால், இழக்கும் ரப்பர் இங்கே பெரிய நஷ்டம் இல்லை. லாரியாக இருந்திருந்தால் நான் வேறு முடிவு சொல்லியிருப்பேன். செலவு புது டயரில் கால் பங்கைத் தொடவில்லை. கணவர் புது டயருக்கே சாய்ந்தார். புது டயரும் வட்டமாக வரும் என்று உறுதியில்லை, அதையும் அளந்துதான் ஏற்க வேண்டும் என்று சொன்னபிறகு இருவரும் சீவச் சம்மதித்தார்கள்.

லாரிகளுக்கு இந்த வேலை செய்யும் ஒரு பட்டறையில், சக்கரத்தைக் கழற்றாமல் சொந்த ஹப்பிலேயே வைத்து, ஓட்டிச் சூடாக்கி, 82 பவுண்டு காற்றில் சீவினார்கள். மோட்டார் உருளை டயரை மெதுவாகச் சுற்ற, வளைந்த கத்தி பட்டன் மேல் குறுக்காக நகர்ந்தது. முதல் தடவையில் கத்தி ஒரு கை நீளத்துக்கு மட்டும் தொட்டது. மற்ற இடமெல்லாம் சத்தமில்லாமல் நழுவியது. ஒவ்வொரு தடவையும் கறுப்பு ரப்பர் நாடா நீண்டது. சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கத்தி தொட்டதும் நிறுத்தச் சொன்னேன். அதற்குமேல் போனால் கிடைக்கும் வட்டத்தைவிட இழக்கும் ரப்பர் அதிகம். கேஜ் 0.8 காட்டியது.

பேலன்சிங்கும் பின்சக்கரமும்

இப்போதுதான் பேலன்சிங். பழைய ஈயம் முழுவதையும் பிடுங்கிவிட்டு, மிஷினில் ரிம்மை நடுத்துளையில் சரியாகப் பிடிக்கவைத்துச் செய்தோம். இடது 100 கிராம், வலது 115 கிராம். ரிம்மைப் பாதிச் சுற்று திருப்பிப் பிடித்து மறுபடி ஓட்டினோம். அதே எண் வந்தது. வேறு எண் வந்திருந்தால் மிஷினில் மாட்டியதே கோணல் என்று அர்த்தம். இந்தச் சரிபார்ப்பைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க எல்லாருக்கும் உரிமை உண்டு.

ஐ-10இல் மீண்டும் ஓட்டினோம். 58 மைலில் ஸ்டீரிங் அமைதி. ஆனால் 65இல் இருக்கையில் ஒரு மெல்லிய துள்ளல். முன்னால் இருந்த பெரிய ஆட்டம் இதை மறைத்துவைத்திருந்தது. ஸ்டீரிங்கில் தெரியாமல் இருக்கையில் தெரிந்தால் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இடது பின் ஜோடியில் வெளிச்சக்கரம் 1.6, உள்சக்கரம் 1.4. தனித்தனியே தவறில்லை, ஆனால் இரண்டின் மேடும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தன. வெளிச்சக்கரத்தைக் கழற்றி நான்கு போல்ட் தள்ளி, மேடுகள் எதிரெதிராக வரும்படி மாட்டினோம். துள்ளல் போய்விட்டது.

எண்பது மைல் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தோம். வலது முன்பக்கத்தில் இரண்டு நட்டு இன்னும் கொஞ்சம் இறுகியது.

பின் நடந்தது

ஜனவரியில் குவார்ட்ஸைட் என்ற ஊர் வரை போய் வந்தார்கள். அலமாரிச் சத்தம் இல்லை என்று மனைவி சொன்னார். அடுத்த கோடையில் வண்டி மறுபடி நின்றது. இம்முறை நிழல்கூரை உள்ள இடம், டயருக்கு உறை. அக்டோபரில் எடுத்தபோது முதல் சில கிலோமீட்டர் லேசாகத் தட்டியது. டயர் சூடேறியதும் நின்றது.

அப்போது மறுபடி அளந்தோம். இடது 1.3, வலது 1.0. சீவிய டயரின் பட்டன் ஆழம் சுற்றிலும் ஒரே அளவில் இல்லை. மெலிந்த பக்கம் 6.5, மறுபக்கம் 8.2. தேய்மானம் சீராகத்தான் இருக்கிறது. இந்த டயரின் முடிவை மெலிந்த பக்கம்தான் தீர்மானிக்கும் என்பதால், அந்த இடத்தை ரிம்மில் பெயின்ட்டால் குறித்திருக்கிறோம். ஆழம் பார்க்கும்போது அங்கேதான் பார்க்க வேண்டும்.

இனி மாற்றிச் செய்வது

பின்டயர் நான்கும் அடுத்த குளிர்காலத்துக்கு முன் மாறப்போகின்றன. அதற்குக் கடைக்காரரிடம் வைக்கும் நிபந்தனைகளைத் தம்பதி எழுதியே வைத்திருக்கிறார்கள். படுக்கவைத்துக் காற்றடிக்க வேண்டும். பீடு வரம்பை நான்கு இடத்தில் அளந்து காட்ட வேண்டும். ஈயம் அடிக்கும் முன் கோணல் அளவை ரசீதில் எழுத வேண்டும், 2.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த டயர் வேண்டாம். ஒரு சக்கரம் 250 கிராமுக்கு மேல் ஈயம் கேட்டால் அடிக்காமல் நிறுத்திக் கூப்பிட வேண்டும். மணிகள் வேண்டாம். காற்று 82.

எஃகு மூடிகளில் முன்னிரண்டை அவர்கள் திரும்ப மாட்டவில்லை. பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் நட்டும் பீடு வரம்பும் கண்ணில் படுகின்றன.